கீழக்கரை வீட்டு மச்சில் கிடைத்த ஜப்பான் தகர ரோபோ: யார் செய்தது, எந்த ஆண்டு?

கீழக்கரையான்

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். எங்கள் பூர்வீக வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்காக மச்சைக் காலி செய்தபோது, அங்கிருந்த டிரங்குப் பெட்டியில் பழைய கைலித் துணி ஒன்றில் சுற்றி வைத்த தகர ரோபோ ஒன்று கிடைத்தது. உயரம் ஏறத்தாழ 30 செ.மீ. இருக்கும். தலைக்கவசத்துக்குள் மனித முகம் ஒன்று தெரிகிறது. நெஞ்சில் இரட்டைக் கதவு. நகத்தால் நெம்பினால் உள்ளே துப்பாக்கிக் குழல்கள் தெரிகின்றன. இடுப்புக்கு மேல் உள்ள பகுதி கையால் திருப்பினால் சுற்றும் போலிருக்கிறது. ஆனால் நான் அழுத்தித் திருப்பவில்லை. பின்புறம் எஸ்.எச். என்ற இரண்டு எழுத்துகளும் 'மேட் இன் ஜப்பான்' என்ற சொற்களும் அச்சாகி இருக்கின்றன. வலது தோள்பட்டையில் காசளவு துருவும், பேட்டரி போடும் இடத்தில் வெள்ளைப் பொடியும் படிந்துள்ளன.

என் உம்மாவின் வாப்பா சிங்கப்பூரில் சபரில் (வெளிநாட்டுப் பிழைப்பில்) இருந்தவர். அவர் ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பொம்மை இது என்பதில் வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்கிறார்கள். ஆண்டு என்று வரும்போதுதான் மாமா 1965 என்கிறார். உம்மாவோ, அது தன் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது என்று உறுதியாகச் சொல்கிறார். இதைச் செய்த நிறுவனம் எது, எந்த ஆண்டுகளில் செய்தார்கள், இந்த உப்புக் காற்றில் இதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தொண்டித்துறை

தம்பி, நீங்கள் தந்திருக்கும் அடையாளங்கள் ஹொரிகாவா நிறுவனம் விற்ற 'ரோட்டேட்-ஓ-மேட்டிக் சூப்பர் ஆஸ்ட்ரோநாட்' என்ற பொம்மைக்குப் பொருந்துகின்றன. எஸ்.எச். என்பது ஹொரிகாவாவின் முத்திரை. பேட்டரி போட்டு ஓடவிட்டால் அது சில அடி நடக்கும், நிற்கும், நெஞ்சுக் கதவுகள் திறக்கும், குழல்கள் ஒளியோடும் ஒலியோடும் சுடும், மேலுடல் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு கதவை மூடிக்கொண்டு மறுபடி நடக்கும். 1960-களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் விடாமல் விற்பனையான பொம்மை என்பதால், பெயரைக் கண்டுபிடித்த மாத்திரத்தில் ஆண்டும் தெரிந்துவிடாது.

'யார் செய்தது' என்ற கேள்விக்கு இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். தகரப் பொம்மையின் மேல் உள்ள முத்திரை பெரும்பாலும் விற்றவரைத்தான் காட்டும். தகரத்தை அடித்து வளைத்த பட்டறையைக் காட்டாது. போருக்குப் பிந்திய ஜப்பானியப் பொம்மைத் தொழில் தோக்கியோவின் கிழக்குப் பகுதிகளில், சுமிதா, கட்சுஷிகா போன்ற இடங்களில், சிறுசிறு பட்டறைகளாகப் பரவிக் கிடந்தது. ஒரு பட்டறை தகரத்தில் அச்சடிக்கும், மற்றொன்று அச்சில் வெட்டும், வேறொன்று பல்சக்கரங்களைக் கோக்கும். மொத்த வணிகர் இவற்றை ஒருங்கிணைத்துத் தம் முத்திரையோடு ஏற்றுமதி செய்வார். ஹொரிகாவா விற்ற ரோபோக்களைச் செய்து கொடுத்தது மெட்டல் ஹவுஸ் என்ற பட்டறை. அந்தப் பெயரைப் பொம்மையின் மேல் நீங்கள் தேடினாலும் கிடைக்காது. ஹொரிகாவா மறைந்த பிறகும் மெட்டல் ஹவுஸ் பழைய அச்சுகளைக் கொண்டே தகர ரோபோக்களைச் செய்துவந்தது. இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனாலும் நம்மைப் போன்று ஆண்டைத் தேடுபவர்களுக்கு இதனால் வேலை கூடுகிறது. ஒரே அச்சிலிருந்து பல பத்தாண்டுகள் தள்ளிப் பிறந்த இரண்டு பொம்மைகள் வெளியே ஒன்றுபோலவே இருக்கக்கூடும்.

முத்திரை ஏமாற்றுவதற்கு வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. கிராக்ஸ்டன் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது அமெரிக்க இறக்குமதியாளரின் பெயர். லைன்மார் என்பது அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் ஜப்பானில் செய்வித்த பொருள்களுக்கு இட்ட பெயர். டி.என். என்றால் நொமுரா, எம்.டி. என்றால் மசுதயா, கே.ஓ. என்றால் யோஷியா, பூவுக்குள் ஒய் என்றால் யொனெசாவா. இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது தொடக்கம் மட்டுமே.

உங்கள் ரோபோவின் கால்கள் தகரமா, பிளாஸ்டிக்கா? பொதுவாக ஹொரிகாவா ரோபோக்களில் முந்தியவற்றுக்கு உடல் முழுதும் தகரம். பிந்தியவற்றில் காலும் கையும், சிலவற்றில் நெஞ்சும் பிளாஸ்டிக்காக மாறின. அட்டைப் பெட்டி இருக்கிறதா என்பதையும் வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாத வீடுகள் கீழக்கரையில் அதிகம் என்பது என் அனுபவம்.

பாம்பன் பட்டறை

நான் விசைப்படகு இன்ஜின் வேலை செய்பவன். இரும்பும் உப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்தத் தோள்பட்டைத் துருவை அப்படியே விட்டால் இரண்டு வாடைக்காலத்தில் ஓட்டை விழும். மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருவை மாற்றும் மருந்தைத் தடவி, அதே நிறத்தில் ஸ்பிரே அடித்துவிட்டால் பல ஆண்டு நிற்கும். பேட்டரிப் பொடியை வினிகர் விட்டுக் கழுவலாம். படகுக்கு நாங்கள் செய்வது இதுதான், பலன் கண்டிருக்கிறோம்.

தொண்டித்துறை

பட்டறை அண்ணனின் அக்கறையை மதிக்கிறேன். படகின் வர்ணம் படகைக் காப்பதற்காகப் பூசப்பட்டது. கெட்டால் மறுபடி பூசலாம். இந்தப் பொம்மையில் உள்ள வர்ணம் அப்படிப் பூசப்பட்டதன்று. தகரத் தகடு தட்டையாக இருக்கும்போதே, ஒவ்வொரு நிறமாக லித்தோ அச்சில் அடித்து, உலர்த்தி, அதன் பிறகே வெட்டி வளைத்திருக்கிறார்கள். தோளில் உள்ள திருகாணிப் படம், நெஞ்சில் உள்ள மீட்டர் படம் எல்லாம் அச்சு. உப்புத்தாள் பட்ட இடத்தில் அந்த அச்சு போய்விட்டால், எந்த அச்சகத்தின் வேலை, எந்த நிற வரிசை என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஒரே சான்றும் போய்விடும். தயவுசெய்து தேய்க்க வேண்டாம்.

துரு ஏன் அந்த ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகரம் என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. துத்தநாகம் பூசிய தகட்டில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு: பூச்சு முழுமையாக இருக்கும்வரை நல்ல காவல், கீறல் விழுந்தாலோ, அடியில் உள்ள இரும்புதான் முதலில் அரிபடும், அதுவும் பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாக. அதனால் நம் கடற்கரையில் கீறல் உள்ள தகரப் பொம்மை, கீறல் இல்லாததைப் போலப் பல மடங்கு கவனம் கேட்கிறது.

செய்ய வேண்டியவை இவை. காய்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். உதிர்கின்ற துருவை மட்டும் மரக்குச்சியால் எடுத்துவிட்டு, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். முதலில் அடிப்பாகத்தில் சோதித்த பிறகே மேலே தொட வேண்டும். பேட்டரிப் பொடியைப் பொறுத்தவரை, அக்காலத்துத் துத்தநாக-கரிப் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்கு வினிகர் பயன்படாது. ஆப்ப சோடாவை மிகக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பஞ்சுக் குச்சியால் தொட்டுத் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். வினிகர் இப்போதைய அல்கலைன் பேட்டரிக் கசிவுக்கு உரியது. அந்துருண்டை போட்டு வைக்காதீர்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, கொண்டல் காற்று வீசும் மாதங்களில் அடிக்கடி பையை மாற்றுங்கள்.

மற்றொன்று: பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அக்காலத்து வர்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

மண்டபம் ரயிலடி

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொம்மையைப் பற்றி எனக்குத் தெரியாது. அது வந்த வழியைப் பற்றிச் சொல்ல முடியும். ஜப்பான் சாமான் நம் கரைக்கு இரண்டு வழியாக வந்தது. ஒன்று இலங்கை வழி. போட் மெயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சென்று, மறுபடி ரயிலேறிக் கொழும்பு போவார்கள். திரும்பும்போது புறக்கோட்டைக் கடைகளில் வாங்கிய சாமான் தனுஷ்கோடிச் சுங்கச் சாவடியில் இறங்கும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அந்தத் துறையே போய்விட்டது. அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடி, 1980-களின் நடுவில் இலங்கைக் கலவரத்தால் அதுவும் நின்றது.

மற்றது நாகப்பட்டினம் வழி. ரஜூலா 1926-இல் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்தது. அதற்குப் பின் அதே வழியில் எம்.வி. சிதம்பரம் 1985 வரை ஓடியது. எனவே வீட்டார் சொல்வது போல ரஜூலாவில்தான் வந்தது என்றால், 1973 என்பது மேல் எல்லை. இலங்கை வழியாக வந்திருந்தால் கணக்கே வேறு. அங்கே 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்ததால், அந்த ஏழு ஆண்டுகளில் கொழும்பில் புது ஜப்பான் பொம்மை கிடைத்திருப்பது அரிது.

சாயல்குடி மாணவி

இதே போன்ற ரோபோக்கள் இணையத்தில் புதிதாகவும் விற்பனைக்கு இருக்கின்றனவே, அவை போலியா? கீழக்கரையானின் ரோபோவுக்கு இன்று என்ன விலை கிடைக்கும்?

தொண்டித்துறை

விலையை இப்போது பேச வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வகை நிறைய விற்ற பொம்மை. மசுதயாவின் 'கேங் ஆஃப் ஃபைவ்' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் ஐந்து பெரிய ரோபோக்களைப் போன்றதன்று. அந்த ஐந்திலும் 'மெஷின் மேன்' என்பது உலகிலேயே மிகச் சில மட்டும் எஞ்சியுள்ளது. இதன் மதிப்பு இது வந்த வரலாறு தெளிவாகத் தெரிவதில் இருக்கிறது. ஆண்டும் வழியும் உறுதியான பொருள்கள் பெருஞ்சேகரிப்புகளிலும் குறைவு.

புதியவற்றைப் போலி என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. 1990-களில் ஒசாகா டின் டாய் இன்ஸ்டிட்யூட் பழைய ரோபோக்களைத் தன் பெயரை வெளிப்படையாக இட்டு மறுபடி செய்தது. சீனாவிலும் ஏராளமாகச் செய்கிறார்கள். செய்தவர் பெயரோடு விற்றால் அது மறுபதிப்பு. பழையது என்று சொல்லி விற்றால்தான் மோசடி.

இராமநாதபுரம் நூலகர்

ஆண்டைக் கணிப்பதற்கு உதவும் சில எல்லைக்கற்களைத் தருகிறேன். இவற்றில் எதுவும் தனியாக நின்று ஆண்டைச் சொல்லாது. இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்து நெருங்க வேண்டும்.

'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் அது நேச நாடுகளின் ஆட்சி ஜப்பானில் நடந்த காலத்துப் பொருள். அந்த ஆட்சி 1952 ஏப்ரலில் முடிந்தது. ஜப்பானியப் பொம்மைத் தொழிலின் தொடக்கம் எவ்வளவு எளியது என்பதற்கு ஒரு செய்தி: போர் முடிந்த அதே 1945-ஆம் ஆண்டு டிசம்பரில், கொசுகே என்ற பொம்மைக் கைவினைஞர் ஒட்சு நகரில் இருந்துகொண்டு, அமெரிக்க முகாம்கள் வீசி எறிந்த டின்களை வெட்டிச் செய்த ஜீப் பொம்மை, கியோத்தோவில் 10 யென்னுக்கு விற்றது. குப்பை டின்னில் தொடங்கிய தொழில் சில ஆண்டுகளுக்குள் உலகுக்கே பொம்மை அனுப்பியது.

அடுத்த எல்லைக்கல், பெட்டியில் உள்ள எஸ்.டி. (ST) என்ற பாதுகாப்பு முத்திரை. ஜப்பானியப் பொம்மைச் சங்கம் இதை 1971-இல் கொண்டுவந்தது. இது ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கான முத்திரை என்பதால், ஏற்றுமதிப் பெட்டியில் இல்லாமல் போனால் அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. இருந்தால் மட்டும் 1971-க்கு முந்தியதன்று என்று உறுதியாகச் சொல்லலாம். பட்டைக்கோடு (பார்கோடு) இருந்தால் 1978-க்குப் பிந்தியது, ஏனெனில் அந்த ஆண்டுதான் ஜப்பான் அந்த முறையை ஏற்றது. அமெரிக்க இறக்குமதியாளர் முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963-க்குப் பிந்தியது.

தகரம் பிளாஸ்டிக்காக மாறியதற்குக் காரணம் நாணயத்திலும் இருக்கிறது. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று விலை நிலையாக இருந்தது. ஏற்றுமதிப் பொம்மை மலிவாக விற்றது. 1971-க்குப் பின் யென் ஏறியது, ஜப்பானில் கூலியும் ஏறியது. பல பொம்மைகளின் உற்பத்தி ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் நகர்ந்தது. மீதியிருந்தவர்கள் செலவைக் குறைக்க அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் பாகங்களைக் கூட்டினார்கள்.

எச்சரிக்கையாக ஒன்று: 'லில்லிபுட்' என்ற சிறிய மஞ்சள் நிறச் சாவி ரோபோதான் உலகின் முதல் தகர ரோபோ என்றும், அது 1930-களைச் சேர்ந்தது என்றும் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். போருக்குப் பின் செய்ததே என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அதில் உள்ள கே.டி. என்ற முத்திரை யாருடையது என்பதே இன்னும் தீரவில்லை. அவ்வளவு புகழ்பெற்ற பொம்மைக்கே இந்த நிலை என்றால், நாம் வீட்டு நினைவை மட்டும் வைத்து 1965 என்று எழுதிவிடக் கூடாது.

கீழக்கரையான்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. உடல் தகரம், கால்கள் பிளாஸ்டிக். தொண்டித்துறை அக்கா சொன்னது போலவே பெட்டி இருக்கிறது. பெரிய ராத்தா வீட்டில் அதற்குள் பழைய ரேஷன் அட்டைகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் போட்டு வைத்திருந்தார்கள். மூடியில் ரோபோ சுடுகின்ற படம். ஓரத்தில் வட்டமாக எஸ்.டி. முத்திரை தெளிவாக இருக்கிறது. பட்டைக்கோடு எங்கும் இல்லை. மாமாவிடம் இந்த முத்திரையைப் பற்றிச் சொன்னேன். அப்படியானால் 1965 இருக்க முடியாது என்று அவரும் ஏற்றுக்கொண்டார்.

1971-க்குப் பிந்தியது, ரஜூலா நின்ற 1973-க்கு முந்தியது என்று எழுதலாமா?

இராமநாதபுரம் நூலகர்

இன்னும் இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன. முதலாவது, அந்தப் பெட்டி இந்த ரோபோவினுடையதுதானா? ஒரே வீட்டில் இரண்டு பொம்மைகள் வந்து, ஒன்று உடைந்து, மற்றதன் பெட்டி மிஞ்சியிருக்கலாம். நம் ஊர்களில் உடைந்த தகரமெல்லாம் பேரீச்சம்பழக்காரரின் சாக்குக்குள் போனதுதான் வழக்கம். பெட்டி மட்டும் தப்பிக்கும். இரண்டாவது, கப்பலின் பெயர். ரஜூலா நின்ற பிறகு சிதம்பரத்தில் வந்தவர்கள் கூடப் பேச்சுவாக்கில் ரஜூலா என்றே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அப்படி இருந்தால் உங்கள் மேல் எல்லை 1973-லிருந்து 1985-க்கு நகர்ந்துவிடும்.

மண்டபம் ரயிலடி

நூலகர் சொல்வது சரி. கப்பல் பெயரை விட்டுவிடுங்கள் தம்பி. பெரியவருடைய பாஸ்போர்ட் இருந்தால் நாகப்பட்டினத்தில் இறங்கிய முத்திரையில் தேதி இருக்கும். சபராளி வீடுகளில் பாஸ்போர்ட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள்.

பாம்பன் பட்டறை

பெட்டியின் உள் அட்டையைப் பாருங்கள். இரும்புப் பாகம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டிருந்தால் அட்டையில் துருக்கறை இறங்கியிருக்கும். எங்கள் பட்டறையில் எந்த உதிரிப் பாகம் எந்தப் பெட்டியில் இருந்தது என்பதை அப்படித்தான் கண்டுபிடிப்போம். உப்புத்தாள் பற்றி அக்கா எழுதியதை ஏற்கிறேன். பொம்மை வேறு, படகு வேறு.

கீழக்கரையான்

இரண்டையும் பார்த்துவிட்டேன்.

உள் அட்டையில் தோள் பொருந்துவதற்காக அரைவட்டமாக வெட்டிய இரண்டு இடங்கள் உள்ளன. வலப்பக்க வெட்டின் விளிம்பில் பழுப்பு நிறக் கறை, பிறைபோல வளைந்து அட்டைக்குள் ஊறியிருக்கிறது. ரோபோவை மெல்லப் படுக்க வைத்துப் பார்த்தபோது, தோளில் உள்ள துருவின் கீழ்விளிம்பு அந்தப் பிறையின் மேல் அப்படியே பொருந்தியது. இடப்பக்க வெட்டில் கறையே இல்லை. அந்தத் தோளிலும் துரு இல்லை. அந்த அட்டையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எண் எழுதியிருக்கிறது. கடைக்காரர் விலையாக இருக்கலாம். பாதி அழிந்துவிட்டது, அதை அழுத்திப் படிக்க முயலவில்லை.

பாஸ்போர்ட்டும் கிடைத்தது. பெரியவர் கடைசியாக நாகப்பட்டினத்தில் இறங்கியது 1972. அதன் பிறகு எந்தப் பயண முத்திரையும் இல்லை. உம்மாவின் கல்யாணம் 1970. உம்மா சொன்னதே சரியாக வந்திருக்கிறது. கேட்டதும் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். உள்ளே மோட்டாரில் மபூச்சி என்று எழுதியிருக்குமா என்று பார்க்க, பின்பக்கத் தகட்டைக் கழற்றலாமா?

தொண்டித்துறை

கழற்ற வேண்டாம். தகரப் பொம்மையை இணைத்து நிறுத்துவது திருகாணியை விட அதிகமாக அந்தச் சிறு நாக்குகள்தான்; துளைக்குள் செருகி மடக்கியிருப்பார்கள். ஒருமுறை நிமிர்த்தி மறுபடி மடக்கினாலே பழைய தகரம் முறிந்துவிடக்கூடும். ஒருபோதும் திறக்கப்படாத நாக்குகள் என்பதே, உள்ளே எதுவும் மாற்றப்படவில்லை என்பதற்கு நல்ல சான்று. மேலும் மபூச்சி என்று இருந்தாலும் அதனால் கிடைப்பது சிறிது. அந்த நிறுவனம் 1954-இல் தொடங்கி, 1964-லிருந்து ஹாங்காங்கிலும் மோட்டார் செய்து, ஏறக்குறைய எல்லாப் பொம்மைக்காரர்களுக்கும் கொடுத்தது. உங்கள் பாஸ்போர்ட் அதைவிட நெருக்கமாக ஆண்டைச் சொல்லிவிட்டது.

இப்போது குறிப்பில் இப்படி எழுதுங்கள்: விற்பனை ஹொரிகாவா, செய்தது மெட்டல் ஹவுஸ் ஆக இருக்கலாம், தகர உடல், பிளாஸ்டிக் கால், எஸ்.டி. முத்திரை உள்ள அசல் பெட்டி, உள் அட்டைக் கறையால் பொருத்தம் உறுதி. 1971-க்கும் 1972-க்கும் இடையில் சிங்கப்பூரில் வாங்கி நாகப்பட்டினம் வழியாக வந்தது. திறக்கப்படவில்லை, வர்ணம் பூசப்படவில்லை. 'ஆக இருக்கலாம்' என்பதை யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் பக்கத்தையும் முத்திரையையும் கறையையும் படமெடுத்து, அந்தக் குறிப்போடு ஒரே உறையில் வையுங்கள். பெட்டியை ரோபோவோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம். பழைய அட்டையில் உள்ள அமிலமும் ஈரமும் தகரத்துக்கு ஆகாது. தனி உறையில் படுக்கை வாட்டமாக வையுங்கள்.

பெரியவர் அந்த முறை வேறு என்னென்ன கொண்டுவந்தார் என்பதையும் உம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அதே கடையில் வாங்கிய பேனாவோ டார்ச்சோ பில்லோடு எங்காவது கிடந்தால், அழிந்துபோன அந்தப் பென்சில் எண் விலைதானா என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைக்கும்.

கீழக்கரையான்

அப்படியே செய்கிறேன் அக்கா. ஒரு டார்ச்சும் தேநீர்க் கோப்பைகளும் அதே பயணத்தில் வந்தவை என்று உம்மா சொல்கிறார்கள். கோப்பைகள் சின்னம்மா வீட்டில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, பில் இருந்தால் படத்தை இங்கே இடுகிறேன்.